பிரிண்டர் மேல பழி போடாதீங்க!



நம்ம கம்ப்யூட்டர் லேப்ல இருக்கிற பொருட்கள்லேயே கெட்ட பேர் வாங்கினது எதுன்னு கேட்டா, எல்லாரும் ஒரே குரல்ல பிரிண்டர்னுதான் சொல்வோம். "அது எப்பவுமே அப்படித்தான்", "அதுக்கு மூடு இருந்தாத்தான் ஓடும்", "தலையில ரெண்டு தட்டு தட்டு, வரும்" என்று அதைத் திட்டாதவர் இல்லை. ஆனால் பல நேரம் பிரிண்டருக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. யாரோ பிரிண்ட் கொடுத்திருப்பார்கள். தப்பான பக்கம் என்று பாதியில் கேன்சல் பண்ணியிருப்பார்கள். அந்தக் கேன்சல் முழுசாக முடியாமல் நடுவழியில் நின்றிருக்கும். அதற்கப்புறம் யார் என்ன கொடுத்தாலும் வராது. அவ்வளவுதான் விஷயம்!

இதைச் சரிசெய்ய ஐந்து நிமிஷம் போதும். அந்த ஐந்து நிமிஷ வேலையை ஆசிரியர் பக்கத்தில் நிற்க, மாணவர்களே செய்ய விடவேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

நம்ம ஊர் தறி ஊர். அதனால இதைப் புரிஞ்சுக்கிறது நமக்கு ரொம்ப சுலபம். இங்கிலீஷில் 'ஸ்பூல்' என்றால் நூல் சுற்றுகிற உருளை என்று அர்த்தம். கம்ப்யூட்டருக்குள்ளேயும் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்று ஒன்று இருக்கு. கம்ப்யூட்டர் வேகமானது, பிரிண்டர் மெதுவானது. நாம் பிரிண்ட் கொடுத்ததும் பக்கங்கள் நேராகப் பிரிண்டருக்குப் போய்விடாது. முதலில் ஹார்ட் டிஸ்க்கில் ஃபைலாகச் சேமிக்கப்படும். அங்கிருந்து ஸ்பூலர் ஒவ்வொன்றாக எடுத்துப் பிரிண்டருக்கு ஊட்டும். வீட்டில் பாட்டி தார் சுற்றிச் சுற்றிப் பெட்டியில் போட்டுவைப்பாங்க இல்லையா? தறி ஓட்டுறவங்க அதிலிருந்து ஒவ்வொரு தாராக எடுத்து நாடாவில் போட்டு ஓட்டுவாங்க. அதே கதைதான்.

இது இன்று நேற்று வந்த ஏற்பாடும் இல்லை. 1959-ல் ஐ.பி.எம். கம்பெனி 1401 என்று ஒரு கம்ப்யூட்டரை அறிவித்தது. அந்தக் காலத்துப் பெரிய கம்ப்யூட்டர்கள் கணக்கை முடித்து, விடையைக் காந்த நாடா உருளையில் எழுதிவிடும். அந்த உருளையைக் கொண்டுபோய் 1401-ல் மாட்டித் தனியாக அச்சடிப்பார்கள். மெதுவான பிரிண்டருக்காகப் பெரிய இயந்திரம் சும்மா காத்திருக்கக் கூடாது என்பதுதான் காரணம்.

சரி, இப்ப நாடாவுக்குள்ள இருக்கிற தார் சிக்கிக்கிச்சு. என்ன பண்ணுவீங்க? பெட்டியில் இன்னும் பத்து தாரைக் கொண்டுவந்து கொட்டுவீங்களா? நம்ம லேப்ல அதைத்தான் பண்றோம்! பிரிண்ட் வரவில்லை என்றதும் மறுபடி ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை என்று பிரிண்ட் பட்டனை அமுக்கிக்கொண்டே இருப்போம். ஒவ்வொரு அமுக்கும் வரிசையில் இன்னொரு ஃபைலாகப் போய் நிற்கும். கடைசியில் யாராவது சரிசெய்தால் ஒரே பக்கம் பன்னிரண்டு காப்பி வந்து விழும். பேப்பர் போச்சு, இங்க் போச்சு. அப்புறம் "யாருடா இத்தனை எடுத்தது?" என்று விசாரணை வேறு.

இன்னொரு பழக்கமும் நம்மகிட்ட இருக்கு. எது நின்னாலும் ஆஃப் பண்ணி ஆன் பண்றது! டிவிக்கு அது பலிக்கலாம். இங்கே பெரும்பாலும் பலிக்காது. சிக்கின ஃபைல் ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். கம்ப்யூட்டர் மறுபடி எழுந்ததும் ஸ்பூலர் அதே ஃபைலைத்தான் முதலில் கையில் எடுக்கும். மறுபடி சிக்கல். பிரிண்டரை மட்டும் ஆஃப் பண்ணினாலும் அதன் சொந்த மெமரியில் இருப்பதுதான் அழியும், கம்ப்யூட்டரில் இருக்கும் வரிசை அப்படியே நிற்கும். சில சமயம் ஆன் பண்ணியதும் பக்கம் பக்கமாக வேற்றுக்கிரகத்துப் பாஷை மாதிரி குறிகள் வரும், பார்த்திருப்பீர்கள். பேய் எல்லாம் இல்லை. தலை வெட்டுப்பட்ட ஃபைலின் மிச்சப் பாதி பிரிண்டருக்குப் போகிறது. ஆரம்பம் தெரியாததால் அது படத்தை எழுத்து என்று நினைத்து அச்சடிக்கிறது.

இனி சரிசெய்யும் முறை. விண்டோஸ் கம்ப்யூட்டரில் கீழே வலது மூலையில், மணி காட்டும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்னப் பிரிண்டர் படம் தெரியும். அதை இரண்டு முறை கிளிக் செய்தால் வரிசை திறக்கும். முதலில் அங்கே 'பாஸ் பிரிண்டிங்', 'யூஸ் பிரிண்டர் ஆஃப்லைன்' இரண்டிலும் டிக் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் எடுத்துவிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அப்புறம் 'கேன்சல் ஆல் டாக்குமென்ட்ஸ்' கொடுத்துவிட்டு ஒரு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். நம்மால முடியாதது இதுதான்! ஆனாலும் நில்லுங்கள்.

அப்படியும் 'டெலீட்டிங்' என்றே காட்டிக்கொண்டிருந்தால்தான் அடுத்த வேலை. பிரிண்டரை ஆஃப் செய்யவும். விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தைச் சேர்த்து அமுக்கினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் 'சர்வீசஸ் டாட் எம்எஸ்சி' என்று இங்கிலீஷில் அடித்தால் நீளமான பட்டியல் வரும். அதில் 'பிரிண்ட் ஸ்பூலர்' மேல் வலது கிளிக் செய்து 'ஸ்டாப்' கொடுக்கவும். தறியை நிறுத்தியாச்சு. இப்போது சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ். இந்தக் கடைசிப் ஃபோல்டருக்கு உள்ளே இருக்கும் ஃபைல்களை மட்டும் அழிக்க வேண்டும். பெரும்பாலும் ஒவ்வொரு பிரிண்டுக்கும் இரண்டு ஃபைல் இருக்கும். எஸ்பிஎல் என்று முடிவது பக்கத்தின் சரக்கு. எஸ்எச்டி என்று முடிவது யார் கொடுத்தது, எந்தப் பிரிண்டருக்கு என்கிற விவரச் சீட்டு. ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள், பக்கத்து ஃபோல்டரில் கையே வைக்காதீர்கள். பிறகு பிரிண்டரை ஆன் பண்ணி, ஸ்பூலருக்கு 'ஸ்டார்ட்' கொடுத்து, ஒரே ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துப் பார்க்கவும். நீங்கள் டைப் செய்து சேமித்த அசல் ஃபைலுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. வரிசையில் நின்ற நகல்தான் போகும். லினக்ஸ் உள்ள கம்ப்யூட்டர் என்றால் இன்னும் சுருக்கம். டெர்மினலில் 'கேன்சல்' என்ற ஒரு சொல், ஒரு இடைவெளி, சின்னக் கோடு, 'ஏ' எழுத்து. வரிசை காலி.

இதெல்லாம் வருவதற்கு முன்னாலேயே தடுக்கவும் வழி உண்டு. பேப்பர் வெளியே வர ஆரம்பித்த பிறகு நிறுத்த வேண்டுமானால், பிரிண்டர் மேலேயே இருக்கும் கேன்சல் பட்டனை ஒரு முறை அமுக்கிவிட்டுக் காத்திருங்கள். கையால் பேப்பரைப் பிடித்து இழுக்காதீர்கள். கிழிந்த துண்டு ரோலருக்குள் மாட்டிக்கொண்டால், அப்புறம் நிஜமாகவே சர்வீஸ்காரர் வரணும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பிரிண்டர் நின்றால் நம் லேப்பில் நடப்பது என்ன? "ரிப்பேர், தொடாதீர்கள்" என்று ஒரு பேப்பர் ஒட்டப்படும். அட்மின் பாஸ்வேர்டு ஒருவருக்குத்தான் தெரியும். அவர் பயிற்சிக்குப் போயிருந்தால் இரண்டு நாள், லீவில் இருந்தால் மூன்று நாள். அதுவரை புராஜக்ட் பக்கம் வேண்டுமென்றாலும், விண்ணப்பம் வேண்டுமென்றாலும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடைக்குத்தான் ஓட வேண்டும். காசு இருக்கிறவன் ஓடுவான். இல்லாதவன்? ஒரு தடவை எட்டாம் வகுப்புத் தம்பி தங்கைகளுக்கு என்.எம்.எம்.எஸ். ஹால் டிக்கெட் எடுக்க வேண்டிய நேரத்தில் இப்படி நின்றது. அந்தத் தேர்வில் தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. கூலித்தறி ஓட்டுகிற வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அன்றைக்கு ஒரு ஆசிரியை தன் கைக்காசைப் போட்டு வெளியே எடுத்து வந்தார். அவருக்கு நன்றி. ஆனால் அந்தப் பிரிண்டரின் வரிசையில் அப்போது நின்றது, யாரோ கேன்சல் பண்ணிய ஒரு பொங்கல் வாழ்த்துப் படம்!

"பசங்க கைல அட்மின் பாஸ்வேர்டு குடுத்தா என்ன ஆகும்?" என்று ஆசிரியர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கு. இந்த ஸ்பூலர் சாதாரண ஆள் இல்லை. 2021-ல் இதில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. 'பிரிண்ட் நைட்மேர்' என்றே அதற்குப் பேர் வைத்தார்கள். அதன் வழியாக வெளியாள் ஒருவர் கம்ப்யூட்டர் முழுவதையும் தன் கைக்குள் கொண்டுவந்துவிட முடியும் என்றானது. ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அவசரமாகத் திருத்தம் வெளியிட்டது. ஆகவே பாஸ்வேர்டை எங்களிடம் கொடுங்கள் என்று நான் கேட்கவே இல்லை. பாஸ்வேர்டை ஆசிரியரே அடிக்கட்டும். வகுப்புக்கு இரண்டு பேர் அவர் எதிரிலேயே மற்றதைச் செய்து பழகட்டும். பொறுப்பு ஆசிரியர் வராத நாளுக்கு இன்னொரு ஆசிரியருக்கும் பாஸ்வேர்டு தெரிந்திருக்கட்டும். இது பெரிய கேட்பா?

பிரிண்டர் நின்ற கோபம் ஒருத்தரை எங்கே கொண்டுபோனது என்றும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்று ஒருவர் இருந்தார். அங்கிருந்த பழைய பிரிண்டரின் புரோகிராமை அவர் திருத்தியிருந்தார். பேப்பர் சிக்கினால் பிரிண்டுக்காகக் காத்திருப்பவர்களுக்கு உடனே தகவல் போகும். 1980 வாக்கில் ஜெராக்ஸ் கம்பெனியின் புது லேசர் பிரிண்டர் வந்தது. அதிலும் பேப்பர் சிக்கியது. ஆனால் அதன் மூல நிரலை அவருக்குத் தர மறுத்துவிட்டார்கள். தன் எதிரில் நிற்கும் மெஷினைத் தானே சரிசெய்ய விடமாட்டேன் என்கிறார்களே என்பது அவர் மனதில் தைத்தது. 1983-ல் க்னூ திட்டத்தை அறிவித்தார். இன்று நாம் லினக்ஸ் என்று சொல்வதில் அவர்கள் எழுதிய பகுதிகள் நிறைய இருக்கின்றன.

நம்ம புத்தகத்திலும் விண்டோஸ் பாடம் இருக்கு, லினக்ஸ் பாடம் இருக்கு. ஸ்பூலிங் என்றால் என்ன என்று கேட்டால் வரையறையை ஒப்பிக்கவும் நம்மில் பலருக்குத் தெரியும். அதே ஸ்பூலர் பத்தடி தூரத்தில் சிக்கி நிற்கும்போது "சார், பிரிண்டர் கெட்டுப்போச்சு" என்கிறோம். எனக்கு இது வேடிக்கையாகவும் இருக்கு, வருத்தமாகவும் இருக்கு.

ஒன்றே ஒன்று. வரிசையை மொத்தமாக அழித்தால் மற்றவர்களுடைய பிரிண்டும் சேர்ந்து போய்விடும். அழிக்கும் முன் "யாருக்காவது பிரிண்ட் நிக்குதா?" என்று லேப் முழுக்கக் கேட்கும்படி ஒரு தடவை சத்தமாகக் கேட்கணும். ஆபீஸ் கம்ப்யூட்டரும் அதே பிரிண்டரில் இணைந்திருந்தால் அங்கேயும் ஒரு ஆள் போய்க் கேட்டு வரணும்.

மேலே சொன்ன முறையைப் பெரிய எழுத்தில் ஒரு சார்ட்டில் எழுதித் தர நான் தயார். கணினி ஆசிரியர் ஒரு தடவை படித்துப் பார்த்துத் திருத்தம் சொன்னால் போதும். "ரிப்பேர், தொடாதீர்கள்" ஒட்டியிருக்கிற அதே இடத்தில் ஒட்டிவிடலாம்.