38 அடி வீடு

காலித் துறைமுகத்தில் 2003 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஓர் ஒல்லாந்துத் தம்பதியைச் சந்தித்தேன். போர்நிறுத்தம் நடைமுறையில் இருந்த காலம். தாய்லாந்திலிருந்து வாடைக்காற்றைப் பிடித்துக்கொண்டு செங்கடலை நோக்கிச் செல்லும் வெளிநாட்டுப் பாய்ப்படகுகள் காலியில் தங்கிப் போவது வழக்கம். ஞாயிறு பதிப்புக்கு எனக்கு ஒரு கட்டுரை வேண்டியிருந்தது. இளைப்பாறிய பின்னர் உலகம் சுற்றும் கணவன் மனைவி என்றதும் புயல், திமிங்கிலம், கடற்கொள்ளை என்று ஏதாவது அகப்படும் என்ற நம்பிக்கையோடு போனேன்.

அவர்கள் இரண்டு மணிநேரம் மலசலகூடத்துப் பம்பியைப் பற்றிக் கதைத்தார்கள். நடுக்கடலில் அது அடைத்துக்கொண்டதையும், கணவர் படுத்துக்கிடந்தபடியே அதைக் கழற்றியதையும், அந்த நேரம் பார்த்துப் படகு ஒரு பக்கமாகச் சரிந்ததையும் அந்த அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு விபரித்தார். பாண் பூஞ்சணம் பிடித்தது, டீசல் வடிகட்டி அடைத்தது, ஒரு துறைமுகத்தில் நள்ளிரவில் நங்கூரம் இழுபட்டு அயல் படகில் மோதப்போகையில் கணவர் உள்ளாடையோடு மேல்தளத்துக்கு ஓடியது என்று கதை நீண்டது. தங்கள் சண்டைகளில் பாதி, நங்கூரம் போடும் இடத்தைப் பற்றியது என்று கணவர் சொன்னார்.

அப்படியானால் இதில் என்ன இன்பம் என்று கேட்டேன். இரவில் மூன்று மணிநேரத்துக்கு ஒருவராக முறைவைத்துக் காவல் இருப்பார்களாம். ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் உறங்கவேண்டும். ஆகவே கடலில் இருவரும் ஒன்றாக இருக்கும் நேரம் மிகக் குறைவு. முறை மாறும்போது எழும்புகிறவர் தேநீர் போட்டுக்கொண்டு மேலே வருவார். படுக்கப்போகிறவர் உடனே போகாமல் கால்மணிநேரம் பக்கத்தில் இருப்பார். அலையில் ஒளிரும் நுண்ணுயிர்களைப் பார்ப்பார்கள்; பேசாமலும் இருப்பார்கள். நாற்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் அந்தக் கால்மணிநேரத்துக்கு ஈடாக எதுவுமில்லை என்றார் அந்த அம்மா.

கட்டுரையில் நான் இதையெல்லாம் எழுதவில்லை. அவர்கள் போகிறபோக்கில் சொன்ன ஒரு சிறு புயலைப் பெருப்பித்து எழுதினேன்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2009 ஒக்டோபரில், போல் சாண்ட்லர், ரேச்சல் சாண்ட்லர் என்ற பிரித்தானியத் தம்பதியின் செய்தி எங்கள் மேசைக்கு வந்தது. முறையே 59, 55 வயது. முன்கூட்டியே ஓய்வுபெற்று, லின் றைவல் என்ற 38 அடிப் பாய்ப்படகையே வீடாகக் கொண்டு வாழ்ந்தவர்கள். சீஷெல்சிலிருந்து தன்சானியா நோக்கிப் புறப்பட்ட பின்னர், 23 ஆம் திகதி அதிகாலை இரண்டரை மணியளவில் சோமாலியக் கடற்கொள்ளையர் படகில் ஏறினார்கள். ரேச்சல் தனியே காவலில் இருந்தார். போல் உறக்கத்தில் இருந்தார்.

பிரித்தானியக் கடற்படையின் துணைக்கப்பலொன்று அவர்களை நெருங்கிச் சென்றும், உயிருக்கு ஆபத்து நேரலாம் என்பதால் தலையிடவில்லை. வெறுமையாய்க் கிடந்த படகை மட்டுமே அது மீட்டது. தம்பதியினர் 388 நாட்கள் சோமாலியாவில் பணயமாக வைக்கப்பட்டிருந்தார்கள். இடையில் இருவரையும் பலவந்தமாகப் பிரித்துத் தனித்தனியே அடைத்தார்கள்; பிரிய மறுத்தபோது அடித்தார்கள். கப்பம் கொடுப்பதில்லை என்பது பிரித்தானிய அரசின் கொள்கை. குடும்பத்தாரும், லண்டனில் வாடகைக்கார் ஓட்டிய சோமாலியர் ஒருவரும் எடுத்த முயற்சிகளின் பின்னர் 2010 நவம்பர் 14 ஆம் திகதி விடுதலையானார்கள். தந்தையார் இறந்துபோன செய்தி அதன் பிறகே போலுக்குத் தெரிந்தது.

அப்போது எங்கள் அலுவலகத்தில் ஏறக்குறைய எல்லோரும் ஒரே கருத்தில் இருந்தோம். வயதுபோன காலத்தில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, கோயில் குளத்துக்குப் போய்க்கொண்டு இருப்பதை விட்டுவிட்டு இவர்களுக்கு இந்த வேலை எதற்கு? (அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை என்பதைக்கூட நாங்கள் விசாரிக்கவில்லை.) பிரித்தானியாவிலும் பலர் இதையே சொன்னார்கள். முற்றிலும் அநியாயமான பேச்சென்று அதைத் தள்ளிவிட முடியாது. சோமாலியக் கொள்ளையரின் ஆபத்து அப்போது உலகறிந்த விடயம். கொடுக்கப்படும் ஒவ்வொரு கப்பமும் அடுத்த கடத்தலுக்கு முதலீடாகிறது என்பதும் உண்மை. 2011 பெப்ரவரியில் குவெஸ்ட் என்ற பாய்ப்படகில் கடத்தப்பட்ட அமெரிக்கரான ஸ்கொட், ஜீன் அடம் தம்பதியும் அவர்களது நண்பர்கள் இருவரும் சுட்டுக்கொல்லப்பட்டபோது, விமர்சித்தவர்கள் தங்கள் வாதம் நிரூபணமாகிவிட்டதாகவே எண்ணினார்கள்.

ஆனால் 2012 இல் வந்த இன்னொரு செய்தியை அந்த வாதத்துக்குள் என்னால் அடக்க முடியவில்லை. சாண்ட்லர் தம்பதியினர் அதே லின் றைவலைத் திருத்தி, அதிலேயே மீண்டும் கடலுக்குப் போனார்கள். கொள்ளையர் ஏறி மிதித்த அதே படகு. இதைப் பிடிவாதம் என்பதா, பட்டும் திருந்தாத புத்தி என்பதா?

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு என் அம்மாவின் நினைவு வந்தது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தவர்களில் அவரும் ஒருவர். அடுத்த வருடம் பாதை திறந்ததும் திரும்பிப் போய்விட்டார். வீட்டில் ஓடு இல்லை. கதவுநிலையையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கொழும்புக்கு வாருங்கள் என்று நானும், கனடாவுக்குக் கூப்பிடுகிறேன் என்று அண்ணனும் எழுதினோம். அவர் கிணற்றை இறைத்து, தென்னோலையால் ஒரு பத்தி இறக்கிக்கொண்டு அங்கேயே இருந்தார். ஊரில் எவரும் அவரை மூடத்தனம் செய்கிறார் என்று சொல்லவில்லை. வீட்டுக்குத்தானே போயிருக்கிறார் என்றார்கள்.

பாய்ப்படகில் திரியும் முதியவர்களைப் பற்றி நாம் தவறாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தில்தான் என்பது என் அபிப்பிராயம். அவர்கள் சாகசத்துக்குப் போனவர்கள் என்று எண்ணிக்கொண்டே வியக்கிறோம் அல்லது ஏசுகிறோம். அவர்கள் குடித்தனம் நடத்துகிறார்கள். அடைத்துக்கொள்ளும் பம்பியும் கெட்டுப்போன பாணும் நங்கூரத்துக்கான சண்டையும் அந்தக் குடித்தனத்தின் பகுதி. கரையிலுள்ள இளைப்பாறிய தம்பதிகள் பலர் ஒரே கூரையின் கீழ் தனித்தனித் தொலைக்காட்சிகளின் முன் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் விழித்திருப்பதை நம்பி மற்றவர் கண்ணயரும் வாழ்க்கை அறுபது வயதில் எத்தனை பேருக்கு வாய்க்கிறது? 2009 இல் அந்த அதிகாலையிலும் ரேச்சல் விழித்திருக்க, போல் உறங்கியது அந்த ஏற்பாட்டின்படிதான். கொள்ளையர் புகுந்தது அந்த வீட்டுக்குள்.

கடல் இப்போதும் முழுமையாக ஆறிவிடவில்லை. இந்து சமுத்திரத்தை உயர் ஆபத்து வலயமாகக் குறிப்பதைக் கப்பற்றுறையினர் 2023 ஜனவரி முதலாம் திகதியுடன் கைவிட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் சோமாலியர் மறுபடியும் ஒரு கப்பலைக் கடத்தினார்கள். செங்கடலில் ஏவுகணைத் தாக்குதல்களும் தொடங்கின.

எனக்கும் ஓய்வுபெறும் வயது நெருங்குகிறது. படகு வாங்கும் எண்ணம் எதுவுமில்லை. எனக்கு நீந்தத் தெரியாது என்பதை மனைவி அடிக்கடி நினைவூட்டுவார். அண்மையில் பழைய கோவைகளை ஒழுங்குபடுத்தியபோது அந்தக் காலிக் கட்டுரையின் நறுக்கு அகப்பட்டது. நான்கு பத்தி நீளத்துக்குப் புயல் அடிக்கிறது. நடுநிசியில் ஒருவருக்கொருவர் தேநீர் போட்டுக்கொடுத்த அந்த இருவரையும் அதில் தேடிப்பார்த்தேன். இல்லை.