கடைப் பெயரின் மூலப்படம் யார் கையில்?

ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் காலண்டர் ஆல்பங்கள் வெளிவந்துவிட்டால், திருப்பனந்தாள் கடைத்தெருவுக்கும் ஏஜெண்டுகள் வரத் தொடங்கிவிடுவார்கள். விலை பேசுகிறோம், அட்வான்ஸ் கொடுக்கிறோம். கடைச் சின்னம் கேட்டால், செல்போனில் கிடக்கும் பழைய படத்தை வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறோம். தவறு இங்கேதான் தொடங்குகிறது.

எங்களுக்கே இந்த அனுபவம் உண்டு. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தபின் துணிப்பை அச்சடித்தோம். விசிட்டிங் கார்டுக்குச் செய்த படத்தையே அனுப்பினோம். வந்த பைகள் அத்தனையிலும் எழுத்தின் ஓரம் படிக்கட்டுப் போல் இருந்தது. அச்சகத்தாரிடம் சண்டைக்குப் போனோம். "நீங்கள் கொடுத்ததைத்தானே அடித்தோம்" என்றார்கள். அதில் நியாயம் இருந்தது.

செல்போனில் நாம் பார்ப்பது பெரும்பாலும் ஜேபெக் படம். அது புள்ளிகளால் ஆனது. இடத்தை மிச்சப்படுத்த விவரத்தைக் குறைப்பது. நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். 3 அங்குலத்தில் 900 புள்ளியோடு தெளிவாக இருந்த படத்தை 12 அங்குலத்துக்கு இழுத்தால், அங்குலத்துக்கு 75 புள்ளிதான் மிஞ்சும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இன்னும் குறையும். 'டாக்குமெண்ட்' என்று அனுப்பினால் குறையாது.

சாமி படம், கடை முகப்பு போன்ற புகைப்படங்களுக்குப் பெரிய அளவு ஜேபெக் அல்லது டிஃப் போதும். கடைப் பெயரும் சின்னமும் கோடுகளாக வரையப்பட்டிருக்க வேண்டும். கோரல்டிரா கோப்போ, அதிலிருந்து எடுத்த பிடிஎஃப்போ இருந்தால் பில் புத்தகத்துக்கும் பெயர்ப்பலகைக்கும் ஒரே படம் உதவும். மங்கலான படத்தை பிடிஎஃப் ஆக்கினால் மட்டும் அது தெளிந்துவிடாது. தமிழ் எழுத்துகளைக் கோட்டு வடிவமாக மாற்றித் தரச் சொல்ல வேண்டும். இல்லையேல் அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் பெயரே உருமாறிவிடும்.

அரிசிப் பையில் இது அழகைப் பற்றிய விஷயம் மட்டுமல்ல. நிகர எடை, விலை, பொட்டலமிடுபவர் முகவரி ஆகியவை தெளிவாகப் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதி. எழுத்து மங்கினால் பதில் சொல்ல வேண்டியவர் பையில் பெயர் உள்ளவரே.

"அதெல்லாம் டிசைன் செய்பவர் வேலை" என்பார்கள் சிலர். வேலை அவருடையது, பெயர் நம்முடையது. அவர் கடையை மூடினாலோ கம்ப்யூட்டர் பழுதானாலோ நம் சின்னமும் போயிற்று. எனவே டிசைன் கூலி கொடுக்கும் அன்றே மூலக் கோப்பு, அச்சுக்கான பிடிஎஃப், பார்ப்பதற்கு ஒரு ஜேபெக் ஆகிய மூன்றையும் கேட்டு வாங்கி, இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். மொத்தமாக அடிக்குமுன் ஒரு மாதிரி அச்சையும் பாருங்கள். திரையில் கண்ட நிறம் அப்படியே அச்சில் வராது.

தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறவர்கள் நாம். கடைப் பெயரிலும் அந்தக் கவனம் வேண்டாமா?