ரப்பர் மேட்டைக் குப்பையில் போடாதீர்கள்

ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேன் ஒன்று பட்டறைக்கு வந்தால், மதிப்பீட்டுத் தாளில் முதலில் ஏறுவது சேசிஸ் எண். அடுத்து எஞ்சின், துரு, முன்கண்ணாடி இரண்டு துண்டா ஒற்றையா என்ற கேள்வி. ஓட்டுநர் காலடியில் கிடக்கும் ரப்பர் மேட்டுக்கு அந்தத் தாளில் இடமே இருப்பதில்லை. வண்டியைப் பிரிக்கும் முதல் நாளே அது குப்பைக்குப் போகிறது, புதிய நகல் மேட் ஒன்று பார்சலில் வந்து சேர்கிறது.

மேட்டின் மேல் கோபப்படுபவர்களிடமும் நியாயம் உண்டு. கண்ணாடி ரப்பர் வழியாகக் கசியும் மழைநீர் மேட்டுக்கடியில் தேங்கித் தகட்டைத் தின்றுவிடுகிறது. மேலே பார்த்தால் சுத்தமான கருப்பு, தூக்கினால் கீழே தரையே இல்லை. ஆகவே ஓடும் வண்டியில் பழைய மேட்டை விட்டுவைக்கச் சொல்லவில்லை. எடுக்கத்தான் வேண்டும். எடுத்ததை எங்கே வைக்கிறோம் என்பதுதான் கேள்வி.

அந்த மேட்டில் படிக்க நிறைய இருக்கிறது. இந்த வேன்களின் பழைய ஓடோமீட்டருக்கு ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யம். மீட்டர் 40,000 காட்டும்போது, ஆக்ஸிலரேட்டர் அருகே குதிகால் ஊன்றும் இடத்தில் ரப்பர் அடிவரை தேய்ந்திருந்தால் எதை நம்புவீர்கள்? பெடல்களும் ஸ்டியரிங் தண்டும் தரையைத் துளைத்து வருவதால், வலப்பக்க ஸ்டியரிங் வண்டியின் மேட்டில் துளைகள் வேறு இடத்தில் இருக்கும். பிற்காலத்தில் யாரோ ஒயருக்காகக் கத்தியால் வெட்டிய ஓட்டைகூட அந்த வண்டியின் வரலாறுதான். நகல் மேட்டில் இதில் எதுவும் இருக்காது.

சரி, கல்லாகிப்போன ரப்பரை மறுபடி மிருதுவாக்க முடியுமா? முடியாது. ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை ஓசோன் அறுக்கிறது, ஆக்சிஜன் இறுக்கி முறுக வைக்கிறது. நடந்த வேதிவினையை எந்த டப்பாத் திரவமும் திருப்பிவிடாது. சிலிக்கான் ஸ்பிரே தருவது இரண்டு வாரப் பளபளப்பு மட்டுமே. அதன் பிறகு அந்த ரப்பரில் பசை ஒட்டாது. அதே ஷெட்டில் பெயிண்ட் அடித்தால் பெயிண்ட் விலகிக் குழிகுழியாக நிற்கும், அதைத் தேய்த்து எடுத்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பெட்ரோல், டீசல் போட்டுத் துடைப்பது இன்னும் மோசம், ரப்பர் உப்பிவிடும்.

செய்யக்கூடியது குறைவுதான், ஆனால் பலன் உண்டு. குளிர்ந்த நிலையில் மேட்டை இழுக்காதீர்கள், வளைவில் முறியும். கைபொறுக்கும் சூட்டு நீரில் நனைத்த துணியை மேலே விரித்து, தளர்ந்த பிறகு விளிம்பிலிருந்து மெல்லக் கிளப்புங்கள். அதற்கு முன்பே இருக்கிற நிலையில் படம் எடுத்துவிடுங்கள். மென்மையான சோப்பு நீர், மெல்லிய பிரஷ், நிழலில் உலர்த்தல்: கழுவ இது போதும். வெடிப்புகளை மேலே நிரப்ப வேண்டாம். அடியில் மெல்லிய துணி வைத்து, நெகிழும் பசையால் ஒட்டினால் போதும். சுருட்டவோ மடிக்கவோ கூடாது, ஏனென்றால் இழுபட்டு நிற்கும் இடத்தைத்தான் ஓசோன் முதலில் பிளக்கும். இருட்டில் தட்டையாகக் கிடக்கட்டும். வெல்டிங் மேசைக்கு மேலுள்ள பரணில் மட்டும் வேண்டாம், அங்கேதான் ஓசோன் பிறக்கிறது. செம்பு, பித்தளைச் சாமான்களும் மேலே படக்கூடாது. செம்பு ரப்பரின் சிதைவை வேகப்படுத்தும்.

ஓட்டுவதற்கு நகல் மேட் போடுங்கள், தவறில்லை. பழைய மேட்டின் வெளிக்கோட்டையும் துளைகளையும் தாளில் வரைந்து ஒப்பிட்ட பிறகு வாங்கினால் பணம் வீணாகாது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா 2012-இல் ஏற்ற துரின் சாசனம் பழுதுபார்ப்பவர் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்யச் சொல்கிறது. எஞ்சினுக்கு அதைக் கேட்கும் நாம் மேட்டுக்கும் கேட்கலாம். விற்கும்போது பழைய மேட் வண்டியோடு போக வேண்டும். தனியாகப் பேரம் பேசி விற்பது நம் பார்வையில் முறையல்ல.

அடுத்த இதழிலிருந்து நமக்கு அனுப்பும் ரிஸ்டோரேஷன் அறிக்கைகளில் ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள்: தரையில் கிடப்பது அசலா, நகலா, நகல் என்றால் அசல் எங்கே இருக்கிறது.