ஒற்றியூர் நீங்கலாக

இதழ் இம்முறையும் தாமதம். காகித விலை, கைமாற்று, அட்டைப்படம் வரைபவரின் தங்கை கல்யாணம் என்று வழக்கமான காரணங்களைத் தயாராக வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. அச்சாகி வந்த கட்டைப் பிரித்தால் உள்ளட்டையில் நம் முகவரி இப்படி இருந்தது: கதவு எண், தெருப் பெயர், சென்னை 19. ஊரைக் காணோம்.

அச்சகத்துக்குப் போன் போட்டேன். "இடம் பத்தல சார். சென்னைன்னு இருக்குல்ல, போதாதா?" என்றார்கள்.

முந்நூறு பிரதி. மறு அச்சுக்குக் காசில்லை. இரண்டு பேனா வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு பிரதியிலும் தெருவுக்கும் சென்னைக்கும் நடுவே, மெய்ப்புத் திருத்துவோர் போடும் அந்தச் சின்னக் கூரைக் குறியைப் போட்டு, 'திருவொற்றியூர்' என்று கையால் எழுதினேன். ஐந்து நாள் ஆயிற்று. நூற்றிருபதாவது பிரதிக்கு மேல் 'ற்' சரியாக விழவில்லை. சந்தாதாரர்கள் பொறுத்தருள வேண்டும்.

எழுதிக்கொண்டிருந்தபோது எங்கள் ஊர்ச் சாமி நினைவுக்கு வந்தார். முன்னொரு காலத்தில் ஓர் அரசன் எல்லா ஊர்களுக்கும் வரி விதித்து ஓலை விடுத்தானாம். எழுதி, சரிபார்த்து, சுருட்டி அனுப்பிய ஓலையைப் பிரித்தால், வரிகளுக்கு நடுவே எவரும் எழுதாத ஒரு வரி: ஒற்றியூர் நீங்கலாக. சாமியே இடைச்செருகிவிட்டார். அதனால் அவருக்கு எழுத்தறியும் பெருமான் என்று பெயர். சேக்கிழாரும் இந்தக் கதையைத் தொட்டுவிட்டுப் போகிறார். மெய்ப்புத் திருத்துவோருக்குக் குலதெய்வம் இல்லையே என்று இனி யாரும் வருந்த வேண்டாம். தேரடியில் இறங்கினால் பார்த்துவிடலாம்.

அந்த ஓலை இன்றும் செல்லுபடியாகிறது. பேனாதான் கை மாறிவிட்டது. 'சென்னை முழுவதும் இலவச டெலிவரி' என்று விளம்பரம் வரும். காலடியில் எறும்பு எழுத்தில் 'சில பகுதிகள் நீங்கலாக'. அண்ணா நகரில் ஆட்டோவை நிறுத்தி ஊர்ப் பெயரைச் சொன்னால், "அந்தாண்ட கன்டெய்னரு நிக்கும் சார், வண்டி போவாது" என்கிறார்கள். மாப்பிள்ளை பார்க்க வருபவர்கள் பையன் வீடு சென்னையில் எங்கே என்று விசாரிக்கிறார்கள். பதில் கிடைத்ததும் காபியை வேகமாகக் குடிக்கிறார்கள்.

2011இல் எங்கள் நகராட்சி மாநகராட்சியோடு சேர்ந்தது. மண்டலம் ஒன்று நாங்கள்தான். எண் போட்டவர் வடக்கிலிருந்து தொடங்கியிருக்கிறார், பாவம். அதன்பின் வந்த காரியங்களெல்லாம் வேறு திசையிலிருந்து தொடங்கின. 2015இல் ஓட ஆரம்பித்த மெட்ரோ எங்களை எட்ட 2021 பிப்ரவரி ஆனது. வந்துவிட்டது, ஏறிவிட்டேன், குறை சொல்லமாட்டேன். 'அடுத்த நிலையம் காலடிப்பேட்டை' என்று அந்தக் குளிர்ச்சியில் கேட்பதே ஒரு சுகம். 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடியமர்த்திய பேட்டை அது. காலெட் பேட்டை, காலட்டிப்பேட்டை என்று சொல்லிச் சொல்லி, கவர்னரைக் காலடிக்கே கொண்டுவந்துவிட்டோம். ஆளுநரோடு எப்படிப் போராடுவது என்று தமிழ்நாடு மண்டையை உடைத்துக்கொள்ளும் நாளில் இந்த வழியையும் பரிசீலிக்கலாம். மசோதா, உச்ச நீதிமன்றம் என்று அலைச்சல் இல்லை. முந்நூறு வருஷம் பொறுமையாகப் பெயரை வாயில் போட்டு மென்றால் போதும்.

எல்லாவற்றிலும் எங்களை நீக்கிவிட்டார்கள் என்று சொன்னால் பொய்யாகிவிடும். சிலவற்றில் 'ஒற்றியூர் உட்பட'. விம்கோ தீப்பெட்டி இங்கே. என்ஃபீல்டு புல்லட் இங்கே. 1946இல் இங்கே ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கியதுதான் பிற்பாடு எம்.ஆர்.எஃப். டயராக உருண்டது. நாடு பற்றவைத்ததும் ஊதியதும் ஓட்டியதும் எங்கள் சரக்கு. புகையை மட்டும் டெலிவரி கட்டணமில்லாமல் எங்களிடமே விட்டுவைத்தார்கள்.

2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது, இளைஞர்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணெய் இறங்கி, கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் கறுத்தது. அப்போது மீனவர்கள் வாளியோடு மக்கும் கொண்டுபோனார்கள். வளர்ச்சி இல்லை என்று யார் சொன்னது? அந்த எண்ணெய் காய்வதற்குள், அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில், எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா. ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். 2024 அக்டோபரில் எங்கள் ஊர்ப் பள்ளி ஒன்றில் ஏதோ நெடியில் பிள்ளைகள் மயங்கினார்கள்.

எங்கள் சாமி ஆதிபுரீசுவரருக்கு வருஷம் முழுவதும் கவசம் சாத்தியிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கழற்றுவார்கள்; கூட்டம் தாங்காது. ஊருக்கும் அதே ஆகமம்தான். எண்ணெயோ வாயுவோ வந்தால் கேமராக்கள் மூன்று நாள் தரிசனம் செய்யும். நாலாம் நாள் கவசம் சாத்திவிடுவார்கள்.

ஊர்ப் பெயருக்கும் ஒரு கதை உண்டு. ஊழி வெள்ளத்தை இறைவன் இவ்விடத்தில் ஒற்றிப்போகச் செய்தாராம். அந்த உடன்படிக்கையைக் கடல் மறந்துவிட்டது. மறக்கடித்தது துறைமுகம். 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய சுவர்கள், வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்துக்கொண்டன. மறிபட்ட மணல் மெரினாவாக அகன்றது. வரவேண்டியது வராததால் ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. குப்பங்களில் வீடுகள் போயின. கருங்கல் கொட்டினார்கள், தூண்டில் வளைவு போட்டார்கள். ஒற்றி என்றால் அடமானம் என்றும் பொருள். மெரினாவுக்கு வைத்த இந்த ஒற்றியை மீட்கும் தேதி எந்தப் பத்திரத்திலும் இல்லை. அங்கே உட்கார்ந்து சுண்டல் சாப்பிடும் நண்பர்கள் எழுந்திருக்கும்போது வேட்டியைத் தட்டிவிட்டுப் போகவும். ஒட்டியிருப்பது எங்கள் மணல்.

எழுதி முடித்த சாயங்காலம் டீக்கடை மாஸ்டரிடம் ஒரு பிரதியைக் கொடுத்தேன். உள்ளட்டையைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், கையால எழுதிக்கிற?" என்றார். நடந்ததைச் சொன்னேன். அப்படியே ஓலைக் கதையையும், கொஞ்சம் பெருமையோடு, சொல்லி முடித்தேன்.

மாஸ்டர் எர்ணாவூர்க்காரர். எண்ணெய் வந்தபோது வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புக் கோடு விழுந்தது என்று முன்பே சொல்லியிருக்கிறார். பாலை ஒருமுறை தூக்கி ஆற்றிவிட்டுக் கேட்டார்:

"சர்தான் சார். உங்க ஊரு சாமி உங்க ஊர மட்டும் எழுதிக்கிச்சு. அப்ப எர்ணாவூரு வரி கட்டிச்சா?"

கட்டியிருக்கும். மணலியும் எண்ணூரும் கட்டியிருக்கும். நானும் முந்நூறு முறை ஒரே பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். இன்னொரு பேனா வாங்க வேண்டும். அடுத்த இதழும் தாமதமாகலாம்.