குதிங்காலுக்கு ஊசி கேட்காதீர்கள், சப்பாத்து கேளுங்கள்

காலையில் பெரட்டுக்கு எழுந்து, பாயை விட்டுக் காலைத் தரையில் ஊன்றியதும் "ஆத்தாடி!" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் நம் தோட்டங்களில் நிறையப் பேர். பத்துப் பதினைந்து அடி நடந்ததும் வலி கொஞ்சம் தணியும். வேலைக்காட்டில் சாப்பிட உட்கார்ந்து எழுந்தால் குதிங்காலில் மறுபடியும் ஆணி அடித்த மாதிரி குத்தும். சாயந்தரம் வீடு திரும்பும்போது கால் தரையில் பாவாது. உங்களுக்கும் இப்படி இருக்கிறதா? அப்படியானால் இந்த முறை இந்தப் பக்கம் உங்களுக்குத்தான்.

கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் இருபது வருஷமாக மருத்துவ உதவியாளனாக இருக்கிறேன். (பெரியவர்கள் இன்னமும் 'டிரசர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை.) குதிங்கால் வலியோடு வருகிறவர்கள் என்னிடம் கேட்பது இரண்டே விஷயம். "ஐயா, ஒரு ஊசி போட்டு விடுங்க." இல்லாவிட்டால், "ரெண்டு நாளு எம்.சி. குடுங்க." இதுவரை ஒருத்தராவது "என் சப்பாத்தைப் பாருங்க ஐயா" என்று கழற்றிக் காட்டினது கிடையாது. நானே கேட்டு வாங்கிப் பார்ப்பேன். அடி தேய்ந்து, குதிங்கால் பக்கம் அட்டை மாதிரி மெலிந்து போயிருக்கும். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். நம்மவர்களின் குதிங்கால் வலியில் பெரும்பங்கு, காலில் போடுகிற பொருளிலிருந்தும் நிற்கிற நேரத்திலிருந்தும் வருகிறது. என் மருந்து அலமாரியில் அதற்கு வைத்தியம் கொஞ்சம்தான்.

இது என்ன நோவு? சிலர் வாயு என்கிறார்கள். சிலர் வாதம் என்கிறார்கள். "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டு விடுகிறவர்களும் உண்டு. நம் பாதத்தின் அடியில், குதிங்கால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. வில்லுக்கு நாண் எப்படியோ, பாதத்தின் வளைவுக்கு அது அப்படி. நாம் ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் அது இழுபட்டுத் தளர்கிறது. மணிக்கணக்காக நின்று, மேடு பள்ளத்தில் பாரம் தூக்கி நடந்து, உடம்பு எடையும் கூடிப்போனால், அந்தப் பட்டை எலும்போடு சேருகிற இடத்தில் நைந்து போகிறது. இரவில் படுத்திருக்கும்போது பாதம் தளர்ந்து கிடப்பதால் பட்டை சுருங்கி இறுகிக் கிடக்கும். விடிந்ததும் மொத்த உடம்புப் பாரத்தையும் அதன் மேல் திடீரென்று வைத்தால் வலிக்காமல் என்ன செய்யும்? முதல் அடி ஏன் அப்படிக் கொல்லுகிறது என்பதற்குக் காரணம் இதுதான். நாற்பது வயதிலிருந்து அறுபது வயது வரை உள்ளவர்களுக்குத்தான் இது அதிகம்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து "எலும்பு முள் மாதிரி வளர்ந்திருக்கு" என்று சொல்லிவிட்டால் நம் ஆட்கள் நடுங்கிப் போகிறார்கள். பயப்படாதீர்கள். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் அந்த முள் இருக்கிறது. அதை வெட்டி எடுத்தால்தான் வலி போகும் என்பது சரியல்ல.

பால் வெட்டிய நம் தாய்மார்கள் விடியும் முன்னே கிளம்பி ஐந்நூறு மரம் சுற்றி, வாளி தூக்கி நடந்தார்கள். அப்போது காலுக்குக் கீழே மண்ணாவது இருந்தது. இன்று செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிறவர்களும் உதிரிப் பழம் பொறுக்குகிறவர்களும் கனத்த ரப்பர் பூட்ஸிலோ, 'கம்போங் அடிடாஸ்' என்று நாம் சொல்லுகிற கறுப்பு ரப்பர் சப்பாத்திலோ நடக்கிறார்கள். அந்தச் சப்பாத்தை நான் குறை சொல்ல மாட்டேன். சேற்றில் வழுக்காது, விலையும் மலிவு. ஆனால் உள்ளே தட்டையாக இருக்கும், குதிங்காலுக்கு மெத்தையே கிடையாது. ஒரு அளவு பெரிதாக வாங்கி, உள்ளே மெத்தென்ற இன்சோல் போடுங்கள். அச்சு எடுத்துத் தனியாகச் செய்கிற விலை உயர்ந்த இன்சோல் தேவையில்லை, கடையில் விற்கிற சாதாரணமானதே பெரும்பாலோருக்குப் போதும். தோட்டத்தை விட்டு ஃப்ளாட்டுக்குப் போய், கோலாலம்பூரில் துப்புரவு வேலையும் காவல் வேலையும் பார்க்கிறவர்கள் பாடு இன்னும் மோசம். நாள் முழுக்க சிமெண்டிலும் டைல்ஸிலும் நிற்கிறார்கள். வீட்டுக்கு வந்தாலும் வெறுங்கால். வலி இருக்கிறவரை வீட்டுக்குள்ளும் தடித்த சிலிப்பர் போட்டு நடங்கள். பூஜை அறைக்குள் போகும்போது கழற்றி விட்டால் போகிறது.

இனி வைத்தியம். காசு செலவில்லாதது என்பதால் யாரும் நம்புவதில்லை, ஆனால் இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

காலையில் கண் விழித்ததும் எழுந்துவிடாதீர்கள். பாயிலேயே உட்கார்ந்து, வலிக்கிற காலை மற்றத் தொடையின் மேல் போடுங்கள். ஒரு கையால் விரல்களைப் பிடித்து முழங்கால் பக்கமாகப் பின்னுக்கு இழுங்கள். உள்ளங்காலில் அந்தப் பட்டை கயிறு மாதிரி இறுகுவதை மற்றக் கையால் தொட்டுப் பார்க்கலாம். பத்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். இப்படிப் பத்துத் தடவை செய்த பிறகே முதல் அடி வையுங்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒரு முறை, படுக்கும் முன் ஒரு முறை, ஆக நாளுக்கு மூன்று வேளை. கை எட்டாத கனத்த உடம்புக்காரர்கள் கைலியை விரல்களில் மாட்டி இழுக்கலாம். அடுத்தது கெண்டைக்காலுக்கு. சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, வலிக்கிற காலைப் பின்னால் வைத்து, முழங்கால் மடங்காமல், குதிங்கால் தரையை விட்டு எழும்பாமல் முன்னுக்குச் சாயுங்கள். முப்பது எண்ணுங்கள், மூன்று தடவை. கெண்டைக்கால் இறுகிக் கிடந்தால் பாதத்துப் பட்டையையும் அது இழுத்துக்கொண்டே இருக்கும். வேலை முடிந்து வந்ததும் சின்னப் போத்தலில் தண்ணீர் ஊற்றி ஐஸாக உறைய வைத்து, ஒரு துணியைச் சுற்றி, உள்ளங்காலுக்குக் கீழே போட்டுப் பத்து நிமிஷம் உருட்டுங்கள்.

"எத்தனை நாளில் போகும் டிரசரையா?" நாளில் போகாது, மாதங்கள் ஆகும். பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் ஒரு வருஷத்துக்குள் கத்தி வைக்காமலே குணமாகி விடுகிறார்கள். ஆனால் மூன்றாம் நாளே "ஒண்ணும் கேக்கலை" என்று விட்டுவிட்டால் நான் என்ன செய்வது?

ஊசி கேட்கிறீர்களே, இடுப்பில் போடுகிற வலி ஊசி ஒரு நாள் தாங்கும். குதிங்காலிலேயே பெரிய டாக்டர்கள் போடுகிற ஸ்டீராய்டு ஊசி சில வாரம் சுகம் தரும். அதைத் திரும்பத் திரும்பப் போட்டால் பட்டை அறுந்து போகலாம், குதிங்காலில் இயற்கையாக உள்ள கொழுப்பு மெத்தை கரைந்தும் போகலாம். கடையில் வாங்கி விழுங்குகிற பொன்ஸ்தான் மாதிரி மாத்திரைகளை மாசக்கணக்கில் சாப்பிட்டால் வயிறும் சிறுநீரகமும் கெடும். எல்லாவற்றிலும் பொல்லாதது, சந்தையில் விற்கிற பெயர் தெரியாத ஜாமு. இரண்டே நாளில் வலி பறந்து போச்சு என்றால் சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு மருந்தைக் கலந்து விற்றதைச் சுகாதார அமைச்சு பல முறை பிடித்திருக்கிறது. பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்குகிற பதிவு எண் இல்லாததைத் தொடாதீர்கள்.

கோடாலித் தைலம் தேய்க்கலாமா? தேய்த்துக்கொள்ளுங்கள், கெடுதல் இல்லை. கொமுட்டர் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸுக்குப் போய், பார்வையற்ற அன்பர்களிடம் கால் பிடித்துவிட்டு வருகிறவர்களும் இங்கே இருக்கிறார்கள். கெட்டிக்காரக் கைகள் அவர்களுடையது. கெண்டைக்காலை நன்றாகப் பிடித்து விட்டால் இறுக்கம் குறையும். ஆனால் மறுநாளே தேய்ந்த சப்பாத்தை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனால், கொடுத்த காசு ரயிலோடு போச்சு.

செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற ஊர் பிரிக்பீல்ட்ஸ். அந்தச் செங்கல்லே நம் பாட்டி வைத்தியத்தில் உண்டு. செங்கல்லைச் சுட வைத்து, மேலே எருக்க இலையைப் போட்டு, குதிங்காலை வைத்து வைத்து எடுப்பது. சூடு இதமாக இருக்கும், உண்மைதான். ஆனால் சில வருஷத்துக்கு முன் ஓர் அக்கா இப்படிச் செய்தார். பதினைந்து வருஷமாக இனிப்பு நீர் உள்ளவர். கால் மரத்துப் போயிருந்தது அவருக்கே தெரியாது. தோல் வெந்ததும் தெரியவில்லை. நாற்றம் வந்த பிறகுதான் மகள் கூட்டி வந்தாள். நான் துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே ஆம்புலன்ஸுக்கு ஆள் அனுப்பினேன். உயிர் பிழைத்தார், முழங்காலுக்குக் கீழே கால் போய்விட்டது. இப்போதும் கோயிலில் பார்த்தால் "நீங்க அப்பவே சொல்லியிருந்தா கேட்டிருப்பேன் தம்பி" என்பார். நான் சொல்லவில்லை என்பது உண்மை. அவர் குதிங்கால் வலி என்று முதலில் வந்தபோது, கூட்டமாக இருந்தது, மாத்திரை கொடுத்து அனுப்பினேன். காலைத் தொட்டுப் பார்க்கவில்லை.

2019-ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் மட்டும் நூற்றுக்கு 31 பேர். ஆகவே இனிப்பு நீர் உள்ளவர்கள் சூடும் வைக்க வேண்டாம், ஐஸும் வைக்க வேண்டாம். முதலில் காலைக் காட்டுங்கள். மரத்துப் போனாலோ, எரிச்சல், வீக்கம், காய்ச்சல், புண் இருந்தாலோ, படுத்திருக்கும்போதே வலித்தாலோ யாராக இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. செம்பனை வேலைக்காரர்களுக்கு இன்னொன்று. குதிங்காலில் ஒரே புள்ளியில் சுருக்கென்று குத்தினால் உள்ளே முள் ஒடிந்து கிடக்கலாம், நீங்களே ஊக்கு வைத்துக் குடையாதீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். அங்கிருந்து கடிதம் எழுதி வாங்கினால் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

தைப்பூசத்துக்கு வெறுங்காலோடு பத்துமலை 272 படி ஏறுகிறவர்கள் ஒரு மாசத்துக்கு முன்பே அந்தக் கால் இழுக்கும் பயிற்சியைத் தொடங்குங்கள். விரதத்தோடு அதுவும் சேரட்டும்.

கடைசியாக நம் சங்கத்தாருக்கு. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, பாதுகாப்புக்காக முதலாளி கொடுக்க வேண்டிய பொருளுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூன் முதல் அந்தச் சட்டம் ஏறக்குறைய எல்லா வேலை இடங்களுக்கும் பொருந்துகிறது. பூட்ஸ் கொடுக்கிற இடத்திலும் எட்டாம் நம்பர் காலுக்குப் பத்தாம் நம்பரைக் கொடுத்து, "துணியை வைத்து அடைச்சுக்கோ" என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அளவு பார்த்து, மெத்தையோடு, தேய்ந்தால் மாற்றித் தரும்படி பேச்சுவார்த்தையில் எழுதி வாங்குங்கள். தமிழ்நாட்டில் 2021-ல் கடைச் சிப்பந்திகள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று சட்டமே கொண்டுவந்தார்கள். கிள்ளான் தெங்கு கிளானா சாலைத் துணிக்கடைகளில் நிற்கிற நம் பெண்பிள்ளைகளுக்கும், கேட்டில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற காவலாளிக்கும் ஒரு நாற்காலி கேட்பது பெரிய கோரிக்கையா?

அடுத்த முறை கால் வலி என்று என்னிடம் வரும்போது, தினமும் வேலைக்குப் போடுகிற சப்பாத்தையே போட்டுக்கொண்டு வாருங்கள். கோயிலுக்குப் போடுகிற நல்ல செருப்பை மாட்டிக்கொண்டு வராதீர்கள்.