சதுர அடிக் கணக்கும் வீசிங் கணக்கும்

பெட்ரூம் தரையை மாற்றப் போகிறீர்களா? கொஞ்சம் இருங்கள். கடைக்காரர் கொடுத்த கொட்டேஷனைப் பார்த்ததுமே அட்வான்ஸை நீட்டிவிடாதீர்கள்.

சமீபத்தில் என் தங்கை வீட்டில் இந்தப் பேச்சு வந்தது. சென்னையில் ஃபிளாட். இருபத்தைந்து வருஷத்து மொசைக் தரை, மங்கிப்போய்க் கிடக்கிறது. "கார்ப்பெட் போட்டுடலாம்க்கா, லாமினேட்டைவிட பாதி விலைதான்" என்றாள். கையில் இரண்டு கொட்டேஷன். பத்துக்குப் பன்னிரண்டு ரூம், அதாவது 120 சதுர அடி. கார்ப்பெட் சதுர அடி 60 ரூபாய், அடியில் விரிக்கும் ஃபோம் 15 ரூபாய், மொத்தம் 9,000. லாமினேட் சதுர அடி 110. அறுக்கும்போது வீணாவதற்குப் பத்து சதவிகிதம், அடியில் ஃபோம் ஷீட், சுவரோரம் ஸ்கர்ட்டிங் எல்லாம் சேர்த்து சுமார் 17,500. எட்டாயிரத்து ஐந்நூறு மிச்சம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது!

ஆனால், அவளுடைய ஏழு வயசுப் பையனுக்கு வீசிங் உண்டு. மார்கழி பிறந்தால் நெபுலைசர் மேஜைக்கு வந்துவிடும். "அந்தச் செலவை இவங்க எந்தக் கொட்டேஷன்ல எழுதியிருக்காங்க?" என்று கேட்டேன்.

கார்ப்பெட் இழைகளுக்கு நடுவே குடியேறும் தூசிப்பூச்சி கண்ணுக்கே தெரியாது. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் அதன் அளவு. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அதற்குச் சாப்பாடு. தண்ணீர் குடிக்காது, காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சியே பிழைத்துக்கொள்ளும். கடலோர ஊரில் அந்த ஈரத்துக்கா பஞ்சம்? அதன் கழிவுதான் அலர்ஜி உள்ளவர்களுக்குத் தும்மலையும் இழுப்பையும் கிளப்புகிறது. வேக்குவம் கிளீனர் மேல்தூசியை எடுக்கும். இழையைக் கவ்விக்கொண்டிருக்கிற பூச்சியை முழுசாக எடுக்காது. கார்ப்பெட்டை எடுத்தால் மட்டும் வீசிங் போய்விடும் என்றும் நினைக்காதீர்கள். மெத்தை, தலையணையிலும் இதே கூட்டம் இருக்கிறது. ஆனால் தலையணை உறையை வெந்நீரில் துவைக்கலாம், சுவரிலிருந்து சுவர்வரை ஒட்டிய கார்ப்பெட்டை எங்கே கொண்டுபோய்த் துவைப்பீர்கள்?

ஷாம்பூ போட ஆள் கூப்பிட வேண்டும். அவளுக்குச் சொன்ன கூலி சதுர அடிக்கு 10 ரூபாய், வருஷத்துக்கு இரண்டு தடவை. 2,400 ரூபாய் ஆச்சா? நாலே வருஷத்தில் 9,600. மிச்சம் பிடித்த 8,500 எங்கே போச்சு பாருங்கள்! மழைக்காலத்தில் அது காயாமல் முடை நாற்றம் அடிப்பது தனிக்கதை.

'அப்போ லாமினேட்தான் நல்லது' என்று முடிவு கட்டிவிட்டீர்களா? அதற்கும் நம் ஊர் வழக்கத்துக்கும் கொஞ்சம் சண்டை உண்டு. 1977-ல் ஸ்வீடனில் கண்டுபிடித்த சரக்கு அது. மர நாரைப் பசையோடு சேர்த்து அழுத்திய பலகை. மேலே மரம் மாதிரி அச்சடித்த காகிதம், அதன்மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. தூசி தங்க இடமில்லை, துடைத்தால் போதும். அந்த விஷயத்தில் ஆஸ்துமா வீட்டுக்கு வரம்தான். ஆனால் நம் வீட்டில் துடைப்பது எப்படி? பக்கெட் தண்ணீரில் துணியை முக்கி, சொட்டச் சொட்ட! அந்த ஈரம் பலகைகளின் இடுக்கில் இறங்கினால் ஓரங்கள் உப்பிக்கொள்ளும். குளித்துவிட்டு ஈரக்காலோடு வருகிற பாத்ரூம் வாசலில்தான் முதலில் கிளம்பும். உப்பியது திரும்ப அமுங்காது, பலகையை மாற்ற வேண்டியதுதான். கரையான் உள்ள வீடென்றால் அதற்கு விருந்து வேறு. ஈரம் பட்டால் வழுக்கும். வீட்டில் வயசானவர்கள் இருந்தால் இதையும் யோசியுங்கள். பலகையில் சேர்க்கும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு கசியும். ஆகவே 'ஈ1' முத்திரை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

இந்த இரண்டில் ஒன்று என்றால் நான் லாமினேட் பக்கம்தான். பாத்ரூம் ஒட்டாத ரூமில், நன்றாகப் பிழிந்த துணியால் துடைக்கிற வீட்டில்.

ஆனால் தங்கையிடம் நான் சொன்னது வேறு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தள வீடுகளில் கார்ப்பெட்டும் லாமினேட்டும் குப்பைக்குப் போனதை நானே பார்த்தேன். மொசைக் வீட்டுக்காரர்கள் சேற்றை வாரிக் கொட்டி, கழுவிவிட்டு உள்ளே போனார்கள். "இருக்கிற தரையைப் பாலிஷ் போடு. காலுக்கு மெத்தென்று வேண்டுமா, ஒரு பவானி ஜமக்காளம் விரி. துவைத்து வெயிலில் காயப்போட்டுக்கலாம்" என்றேன். பாலிஷுக்கு விசாரித்தால் சதுர அடி 25 ரூபாய், ஆக 3,000. முகம் கொஞ்சம் சுருங்கியது. "பழசு பழசாத்தானேக்கா தெரியும்!"

இரண்டு நாள் கழித்து போன் பண்ணினாள். பாலிஷ்காரர் வியாழக்கிழமை வருகிறாராம். மெஷின் ஓட ஆரம்பித்தால் ரூம் முழுக்கச் சேறாகும், காய்ந்தால் அதுவும் தூசிதான். பையனை அந்த மூன்று நாளும் இன்ஹேலரோடு என் வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.