பழைய இரும்பாகப் போக வேண்டுமா?

காணை, விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பழைய பண்ணை வீடு எதிலாவது தாத்தா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று இருக்குமானால், அந்த வீட்டார் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

அந்தத் துப்பாக்கிக்கு இன்று வேலை இல்லை. 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-ல் வந்த திருத்தமும் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. நல்லதுதான். ஆனால் வேலை போனதால் மதிப்பும் போய்விட்டதா?

பூட்டின் பக்கத் தகட்டைப் பாருங்கள். சிற்றுளியால் கையாலேயே செதுக்கிய பூங்கொடி, காடை, கவுதாரி, வேட்டை நாய்! நம் ஊர்த் தட்டான் தாலிக் குண்டில் காட்டும் நுணுக்கத்தை இரும்பில் காட்டியிருப்பான் ஒருவன். இரு குழல்களுக்கும் நடுவே ஓடும் பட்டையில் பெயர் வெட்டியிருக்கும். லண்டன் பர்டி, ஹாலண்டு அண்டு ஹாலண்டு, பர்மிங்ஹாம் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், கல்கத்தா மாண்டன் கம்பெனி போன்ற பெயர் என்றால் சேகரிப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். குழலைக் கழற்றி அடிப்புறம் பார்த்தால் சோதனை முத்திரைகள் தெரியும். பர்மிங்ஹாம் சோதனைச் சாலை 1813-ல் ஏற்பட்டது. அந்த முத்திரைகளைக் கொண்டே துப்பாக்கியின் வயதை ஏறக்குறைய சொல்லிவிடலாம்.

இதை அறியாமல் உப்புத்தாளைப் போட்டுப் 'பளபள'வென்று தேய்த்துக் கொடுக்கும் கைராசிக்காரர்கள் உண்டு. தேய்ந்தது துரு மட்டுமல்ல, பூங்கொடியும் முத்திரையும்தான்! மெல்லிய எண்ணெய்த் துணி போதும், ஐயா.

ஆனால் உப்புத்தாளைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்று இருந்தது. 2019 டிசம்பரில் அதை இரண்டாகக் குறைத்தார்கள். பரம்பரைச் சொத்தாக வந்தாலும் இரண்டுதான். மிச்சத்தை ஓராண்டுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பது உத்தரவு. எதைக் கொடுப்பார்கள்? புதியதை வைத்துக்கொண்டு பழையதைத் தள்ளிவிடுவதுதானே மனித சுபாவம்! லைசென்ஸ்தாரர் இறந்தாலும் துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனுக்கோ லைசென்ஸ் பெற்ற கடைக்கோ போக வேண்டும். வாரிசுகள் குறித்த காலத்தில் மீட்காவிட்டால் அது சர்க்காருக்குச் சொந்தம்.

அமெரிக்க மத்தியச் சட்டம் 1898-க்குள் செய்த துப்பாக்கியைப் புராதனப் பொருளென்று விட்டுவிடுகிறது. நம் சட்டமோ, பழுது பார்த்தாலும் சுட முடியாததாக இருந்தால்தான் விடும். இதில் நான் நம் சட்டத்தின் கட்சி. வரப்புத் தகராறில் வெளியே வரும் துப்பாக்கிக்கு வயது நூறானால் என்ன, இருபதானால் என்ன? குண்டு ஒன்றுதான்.

அதற்காகக் கலையையும் சேர்த்து உருக்க வேண்டுமா? 100 ஆண்டு கடந்த கைவேலையைப் புராதனப் பொருளாக ஏற்கும் சட்டமும் 1972-லேயே வந்திருக்கிறது. பறிமுதலாகும் பழைய துப்பாக்கியை அழிக்குமுன் கலெக்டர் அலுவலகம் பொருட்காட்சி சாலை அதிகாரி ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டட்டும். வேலைப்பாடு உள்ளதைச் சுட முடியாதபடி செய்து, கொடுத்த குடும்பத்தின் பெயரோடு கண்ணாடிப் பெட்டியில் வைக்கட்டும். பணச் செலவு அதிகமில்லை.

இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தஞ்சாவூரே சாட்சி. அரண்மனை ஆயுதசாலையில் குவிந்திருந்த வாளும் ஈட்டியும் கட்டாரியும் வெள்ளைக்கார சர்க்காரின் கைக்கு வந்தபின், 1863 வாக்கில் பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். பொறுக்கி எடுத்த கொஞ்சம் சென்னைப் பொருட்காட்சி சாலைக்குப் போயிற்று. எழும்பூரில் இன்று நாம் வாய் பிளந்து பார்ப்பது அந்த மிச்சத்தைத்தான்.

ஒரே ஓர் எச்சரிக்கை. குழலில் பாம்புச் சட்டை போல வரிவரியாகத் தெரிந்தால், அது இரும்பையும் எஃகையும் முறுக்கி அடித்துச் செய்தது. பெரும்பாலும் பழைய கருமருந்துக்கென்றே செய்தது. இன்றைய தோட்டாவின் வேகத்தை அது தாங்காமல் வெடிக்கலாம். தீபாவளிக்கு ஒரு தடவை சுட்டுப் பார்ப்போமே என்று மாப்பிள்ளை ஆசைப்பட்டால், சாவியை மாமியாரிடம் கொடுத்துவிடுங்கள்.